என்ஜின் சூட்டில் சாகும் பாட்டரி! இடத்தை மாற்றினால் ஆயுள் கூடும்

லாரிக்கு உயிர் எது?

"என்ஜின்தான்" என்று எல்லோரும் சொல்வார்கள். அந்த என்ஜினைத் தூக்கத்தில் இருந்து எழுப்பி விடுவது எது? பாட்டரி!

ஒரு கருப்புப் பெட்டி. உள்ளே ஈயத் தகடுகள். அவற்றைச் சுற்றி ஆசிட். இவ்வளவுதான் பாட்டரி. ஆனால் அது ஒரு நாள் மக்கர் செய்தால் போதும். பல லட்சம் ரூபாய் பெறுமான வண்டி நடுரோட்டில் நின்றுவிடும்.

விடியற்காலை 3 மணிக்குக் கோயம்பேடு மார்க்கெட்டில் காய்கறி ஏற்றிய வண்டி, 4 மணிக்குக் கடைத் தெருவில் இருக்க வேண்டும். செல்ப் எடுக்கவில்லை என்றால் என்ன ஆகும்? தக்காளி நசுங்கும். கீரை வாடும். அன்றைய வாடகை போகும். மறுநாள் அந்த வியாபாரி வேறு வண்டியைத் தேடிப் போய்விடுவார். ஒரு குடும்பத்தின் சோறு அந்தக் கருப்புப் பெட்டியில் இருக்கிறது என்று சொன்னால் அது மிகை அல்ல.

இந்தப் பாட்டரியைச் சீக்கிரம் சாகடிப்பது எது? பலர் நினைப்பதுபோல் மழையும் அல்ல, மேடு பள்ளமும் அல்ல. முதல் எதிரி, வெப்பம். வெப்பத்தைக் கொடுப்பது பக்கத்திலேயே இருக்கும் என்ஜின்!

சாவடி வழியே ஓடும் வண்டிகள்

சென்னைக்கு மேற்கே, காட்டுப்பாக்கத்துக்கும் கரையான்சாவடிக்கும் நடுவே இருக்கிறது குமணன்சாவடி. பூந்தமல்லி போகும் பாதையில் உள்ள ஊர். குமணன் என்ற பெயரைக் கேட்டதும், புலவருக்காகத் தன் தலையையே கொடுக்க முன்வந்த வள்ளல் நினைவுக்கு வருவார். சாவடி என்றால் வழிப்போக்கர்கள் தங்கி இளைப்பாறும் இடம்.

அன்று மாட்டு வண்டிகள் இளைப்பாறிய சாலைகளில் இன்று மோட்டார் வண்டிகள் ஓடுகின்றன. மெட்ரோ ரெயிலின் இரண்டாம் கட்டப் பாதையும் இந்த ஊர் வழியாகத்தான் செல்கிறது. பூந்தமல்லியைத் தாண்டினால் ஸ்ரீபெரும்புதூர், காஞ்சீபுரம், வேலூர், பெங்களூர் என்று பாதை நீண்டுகொண்டே போகும்.

மேற்குச் சென்னைக்கும் மோட்டார் தொழிலுக்கும் நெருங்கிய உறவு உண்டு. 1961-ம் ஆண்டில் தொடங்கப்பட்ட லூகாஸ் டி.வி.எஸ். நிறுவனம், பாடியில் உள்ள தொழிற்சாலையில் வண்டிகளுக்கான செல்ப் மோட்டாரும் ஆல்டர்னேட்டரும் செய்கிறது. அதே 1961-ல்தான் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை அமைக்கப்பட்டது. அங்கிருந்து 'விஜயந்தா' டாங்கிகள் 1965 முதல் வெளிவந்தன. வடக்கே எண்ணூரில் 1948-ல் அசோக் மோட்டார்ஸ் தொடங்கப்பட்டது. அது 1955-ல் அசோக் லேலண்ட் ஆயிற்று. அம்பத்தூர் தொழிற்பேட்டை 1960-களில் உருவானது.

இந்த வட்டாரத்தில் வண்டி ஓட்டிப் பிழைப்பவர்கள் ஏராளம். ரிப்பேர் பார்த்துப் பிழைப்பவர்களும் ஏராளம். பாட்டரியின் கதை அவர்கள் வீட்டுக் கதை.

கைப்பிடி சுற்றிய காலம்

பாட்டரியைக் கண்டுபிடித்தது யார்?

1859-ம் ஆண்டு. பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானி காஸ்டன் பிளாண்டே இரண்டு ஈயத் தகடுகளை எடுத்தார். அவை ஒன்றோடொன்று தொடாதபடி நடுவே தடுப்பு வைத்துப் பாய் போலச் சுருட்டினார். கந்தக ஆசிட்டில் வைத்தார். மின்சாரத்தை உள்ளே விட்டார். பிறகு அதை வெளியே எடுத்தார். திரும்பத் திரும்ப நிரப்பி, திரும்பத் திரும்ப எடுக்கக்கூடிய மின்சாரப் பானை கிடைத்துவிட்டது! 1881-ல் காமில் போர் என்பவர் தகட்டின் மேல் ஈயப் பசை பூசும் முறையைக் கண்டுபிடித்தார். பாட்டரியின் பலம் கூடியது. இன்று லாரியில் இருக்கும் பாட்டரியும் அந்த வம்சத்தைச் சேர்ந்ததுதான்.

ஆரம்பத்தில் மோட்டார் வண்டிக்கும் பாட்டரிக்கும் இவ்வளவு நெருக்கம் இல்லை. என்ஜினைக் கிளப்ப, வண்டியின் முன்னால் நின்று இரும்புக் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். கொஞ்சம் அசந்தால் கைப்பிடி திருப்பி அடிக்கும். கை ஒடிந்தவர்கள் பலர்.

அமெரிக்காவைச் சேர்ந்த சார்லஸ் கெட்டரிங் இதற்கு வழி கண்டார். பாட்டரியால் சுழலும் சிறிய மோட்டார் ஒன்றை அமைத்து, அதைக் கொண்டு என்ஜினைச் சுற்ற வைத்தார். 1912-ம் ஆண்டு மாடல் 'காடிலாக்' கார்களில் அது வந்தது. அதுதான் 'செல்ப்'. நாளடைவில் பாட்டரி இல்லாமல் வண்டி இல்லை என்று ஆயிற்று.

பாட்டரியை எங்கே வைப்பது? பழைய கார்கள் பலவற்றில் அது கால் வைக்கும் பலகைக்குக் கீழே இருந்தது. சிலவற்றில் சீட்டுக்குக் கீழே இருந்தது. ஜெர்மனியின் 'வோக்ஸ்வாகன் பீட்டில்' காரில் பின் சீட்டுக்கு அடியில் இருந்தது. 1959-ல் வந்த இங்கிலாந்தின் 'மினி' காரில் பின்பக்க டிக்கியில் இருந்தது. பிறகு பெரும்பாலான கார்களில் பானெட்டுக்குள், என்ஜின் பக்கத்தில் குடியேறிவிட்டது.

ஏன்? வயர் மிச்சம்! செல்ப் மோட்டார் என்ஜினில் இருக்கிறது. பாட்டரியும் அருகில் இருந்தால் நீளமான செம்பு வயர் தேவை இல்லை. பானெட்டைத் திறந்தால் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். அதோடு குளிர் நாடுகளில் என்ஜின் சூடு பாட்டரிக்கு நல்லதும்கூட. பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரி குளிரில் பாட்டரியின் பலம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிடும். அங்கே சூடு நண்பன்.

நம் ஊரில்? சூடு எமன்!

10 டிகிரிக்குப் பாதி ஆயுள்

2003-ம் ஆண்டு மே மாதக் கடைசியில் சென்னையில் 45 டிகிரி வெயில் அடித்தது. அது நிழலில் அளந்த கணக்கு. ஓடும் என்ஜினைச் சுற்றி ஓடும் தண்ணீரின் சூடு 80 முதல் 95 டிகிரி வரை இருக்கும். புகை வெளியேறும் குழாயின் சூடு பல நூறு டிகிரி. பானெட்டுக்குள் இருக்கும் பாட்டரியின் நிலைமையை எண்ணிப் பாருங்கள். அடுப்பங்கரையில் பாலை வைத்துவிட்டுக் கெடக்கூடாது என்றால் நடக்குமா?

இன்னொரு விஷயம். வண்டி ஓடும்போதாவது காற்று அடிக்கும். காற்றாடி சுழலும். வண்டியை நிறுத்தியதும் காற்று நின்றுவிடும். என்ஜினின் சூடு எங்கும் போக வழி இன்றிப் பானெட்டுக்குள் தங்கிவிடும். அப்போதுதான் பாட்டரி நன்றாக வேகும்!

சூட்டினால் பாட்டரிக்குள் என்ன நடக்கிறது? ஈயத் தகட்டின் சட்டத்தை ஆசிட் வேகமாக அரிக்கிறது. தண்ணீர் ஆவியாகிக் குறைகிறது. தண்ணீர் குறைந்ததும் தகட்டின் மேல் பாகம் வெளியே தெரிகிறது. வெளியே தெரிந்த பாகம் காய்ந்து கெட்டுவிடுகிறது. வண்டி நின்றிருக்கும் நேரத்தில் பாட்டரி தானாகவே சார்ஜ் இழப்பதும் சூட்டில் அதிகம்.

பாட்டரித் துறையில் ஒரு பொதுக் கணக்கு உண்டு. சூடு 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். 30 டிகிரியில் 4 ஆண்டு உழைக்கும் பாட்டரி, எப்போதும் 40 டிகிரியில் இருந்தால் 2 ஆண்டு. 50 டிகிரியில் இருந்தால் ஓர் ஆண்டு! இது துல்லியமான ஜோசியம் அல்ல. ஆனால் வழிகாட்டும் கணக்கு.

"அண்ணே, பாட்டரி போச்சு. புதுசு போட்டுடுங்க" என்பார் எலக்ட்ரீஷியன்.

"போன வருஷம்தானே தம்பி போட்டேன்!" என்பார் வண்டிக்காரர்.

பல பட்டறைகளில் கேட்கும் பேச்சு இது. பாட்டரி கம்பெனியைத் திட்டுவார்கள். கடைக்காரரைத் திட்டுவார்கள். பாட்டரி உட்கார்ந்திருந்த இடத்தை யாரும் திட்டுவதில்லை.

பெரிய லாரி சொல்லும் பாடம்

ரோட்டில் போகும் பெரிய லாரியைக் கவனித்துப் பாருங்கள். கேபினுக்குப் பின்னால், சேசிஸ் பக்கவாட்டில், ஒரு பெட்டி தொங்கும். அதற்குள் இரண்டு பாட்டரிகள் அடுத்தடுத்து இருக்கும். ஒவ்வொன்றும் 12 வோல்ட். இரண்டையும் வரிசையாக இணைத்தால் 24 வோல்ட். பெரிய டீசல் என்ஜினைப் புரட்ட அந்தப் பலம் வேண்டும்.

லாரி செய்பவர்கள் அதை என்ஜினுக்குப் பக்கத்தில் வைக்காமல் வெளியே வைத்ததற்குக் காரணங்கள் உண்டு. வெளியே காற்றோட்டம் இருக்கிறது. பாட்டரியில் இருந்து வரும் வாயு தங்காமல் போய்விடும். கனமான பாட்டரியைத் தூக்கி இறக்குவது எளிது. தண்ணீர் பார்ப்பதும் எளிது.

பெட்ரோல் ஏற்றிச் செல்லும் டாங்கர் லாரிகளுக்கு இன்னும் கண்டிப்பு உண்டு. மின்சாரத்தைப் பாட்டரிக்கு அருகிலேயே துண்டிக்கும் வசதி இருக்க வேண்டும் என்று பெட்ரோலியம் விதிகள் சொல்கின்றன. ஒரு பொறி போதும். ஓர் ஊரே எரியும். அதனால்தான் இந்த முன்ஜாக்கிரதை.

ஆனால் பானெட் வைத்த சிறிய பிக்கப் வண்டிகளிலும் ஜீப்புகளிலும் பாட்டரி இன்னமும் என்ஜினோடுதான் குடித்தனம் நடத்துகிறது. பழைய வண்டிகளை வைத்துப் பிழைக்கும் சிலர், இதை வெளியே எடுத்துச் சேசிஸில் வைத்துக்கொள்கிறார்கள். வேலை சிறியதுதான். ஆனால் அரைகுறையாகச் செய்தால் வண்டியே தீப்பிடிக்கும்! ஆகவே செய்வதைத் திருந்தச் செய்ய வேண்டும்.

எந்த இடம் நல்ல இடம்?

புது வீட்டுக்கு மனை பார்ப்பதுபோல், பாட்டரிக்கும் இடம் பார்க்க வேண்டும்.

சைலன்சர் குழாய் ஒரு பக்கம் போனால், பாட்டரி மறுபக்கம் இருக்க வேண்டும். சுழலும் ஷாப்டுக்கு அருகில் கூடாது. டீசல் டாங்கியை ஒட்டியும் கூடாது. சக்கரம் கல்லை அள்ளி வீசும் இடமும் ஆகாது.

மிகவும் தாழ்வாகவும் வைக்கக்கூடாது. 2015-ம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்தைச் சென்னை மக்கள் மறக்க மாட்டார்கள். மழைத் தண்ணீர் தேங்கும் தெருக்களில் ஓடும் வண்டிக்குப் பாட்டரி கொஞ்சம் உயரத்தில் இருப்பதே நல்லது.

"மழையும் படாது, திருடனும் தொடமாட்டான். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் கேபினுக்குள் வைத்துவிடலாமே?" என்று சிலர் கேட்பார்கள். கூடாது! சார்ஜ் ஏறும்போது பாட்டரியில் இருந்து ஹைட்ரஜன் வாயு வரும். அதற்கு நிறம் இல்லை, வாசனை இல்லை. காற்றில் 100-க்கு 4 பங்கு சேர்ந்தாலே ஒரு பொறியில் வெடிக்கும். மூடிய கேபினுக்குள் பீடி பற்றவைத்தால் கதை முடிந்தது.

திருட்டுப் பயம் உண்மைதான். வெளியே தொங்கும் பாட்டரி மேல் திருடர்களுக்கு ஒரு கண் உண்டு. ஈயத்துக்கு எப்போதும் விலை இருக்கிறது. அதற்குப் பூட்டு வைத்த இரும்புப் பெட்டிதான் வழி. பெட்டியின் பக்கங்களில் துவாரங்கள் வேண்டும். அடியில் மழைத் தண்ணீர் வடிய ஓட்டை வேண்டும்.

தொட்டில் கட்டும் வேலை

பாட்டரி உட்காரும் சட்டத்தை உறுதியான இரும்பு ஆங்கிளில் செய்ய வேண்டும். சேசிஸில் ஏற்கெனவே உள்ள துளைகளில் போல்ட் போட்டு மாட்டுவது நல்லது. சேசிஸின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் துளை போடக்கூடாது. வெல்டிங்கும் வைக்கக்கூடாது. வண்டியின் முதுகெலும்பு அது. பாரம் ஏற்றும்போது விரிசல் விடும்.

சட்டத்துக்கு வெல்டிங் தேவை என்றால், அதைக் கழற்றித் தனியாக வைத்துச் செய்ய வேண்டும். வண்டியிலேயே வெல்டிங் செய்ய நேர்ந்தால், முதலில் பாட்டரி வயர்களைக் கழற்ற வேண்டும். இல்லாவிட்டால் ஆல்டர்னேட்டரும், புது வண்டிகளில் இருக்கும் கம்ப்யூட்டரும் கெட்டுப்போகலாம்.

பாட்டரிக்கு அடியில் ரப்பர் விரிப்பு போட வேண்டும். மேலே கிளாம்ப் போட்டு ஆடாமல் இறுக்க வேண்டும். சூட்டுக்கு அடுத்தபடி பாட்டரியைக் கொல்வது குலுக்கல். குலுங்கினால் தகட்டில் உள்ள பசை உதிர்ந்து அடியில் சேரும். அங்கே ஷார்ட் ஆகும். கிளாம்ப் மேல் டெர்மினலை உரசக்கூடாது.

வயரில் கஞ்சத்தனம் வேண்டாம்

இடம் மாற்றுகிறவர்கள் செய்யும் பெரிய தப்பு வயரில்தான்.

ஊர் டாங்கியில் இருந்து வீட்டுக்குத் தண்ணீர் வருகிறது. குழாய் நீளமாகவும் ஒல்லியாகவும் இருந்தால் தண்ணீர் சொட்டும். குழாய் பருமனாக இருந்தால் கொட்டும். மின்சாரமும் அப்படித்தான். தூரம் கூடினால் வயரின் பருமனும் கூட வேண்டும்.

ஒரு சின்னக் கணக்கு. செல்ப் அடிக்கும்போது 300 ஆம்பியர் மின்சாரம் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். வயரின் நீளம் 3 மீட்டர். 16 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் போட்டால் வழியிலேயே ஏறக்குறைய 1 வோல்ட் வீணாகும். 50 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டால் வீணாவது மூன்றில் ஒரு பங்கு வோல்ட்தான்.

"ஒரு வோல்ட்தானே" என்று நினைக்கக்கூடாது. 12 வோல்ட் பாட்டரி, செல்ப் அடிக்கும் நேரத்தில் 10 வோல்ட் அளவுக்கு இறங்கிவிடும். அதிலும் ஒன்று போனால் மோட்டார் முனகும். என்ஜின் கிளம்பாது. வீணான அந்த மின்சாரம் வயரைச் சூடாக்கும். பாட்டரியைக் காப்பாற்றப் போய் வயரை எரித்த கதையாகிவிடும்.

கடையில் செம்பு முலாம் பூசிய அலுமினிய வயரும் விற்கிறார்கள். பார்வைக்குச் செம்பு. உள்ளே அலுமினியம். ஒரே அளவு மின்சாரம் போக, அலுமினியம் செம்பைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் பருமனாக இருக்க வேண்டும். நுனியைச் சுரண்டிப் பார்த்து வாங்குவது நல்லது.

வயரின் நுனியில் போடும் லக் நன்றாக அழுத்தப்பட வேண்டும். இரும்புத் தகட்டின் ஓட்டை வழியாக வயர் போகும் இடத்தில் ரப்பர் புஷ் அவசியம். இல்லாவிட்டால் ஓடும் குலுக்கலில் தகடு கத்திபோல் வயரின் தோலைச் சீவும். பாசிட்டிவ் வயர் சேசிஸைத் தொட்டால் பொறி பறக்கும். தீ பிடிக்கும். வயர் முழுவதற்கும் உறை போட்டு, அங்கங்கே கிளிப் வைத்துக் கட்ட வேண்டும். சைலன்சர் பக்கம் போகவே கூடாது.

விளக்கு, ஹாரன் முதலியவற்றுக்குப் போகும் வயர்களின் பியூஸ், பாட்டரிக்கு மிக அருகில் இருக்க வேண்டும். ஒரு கட்-ஆப் சுவிட்சும் பாட்டரி பக்கத்தில் இருந்தால் நல்லது. ஆபத்து நேரத்தில் ஒரே திருப்பில் மின்சாரத்தை நிறுத்தலாம்.

மறந்துபோகும் எர்த்

பாட்டரியின் நெகட்டிவ் வயரைச் சேசிஸில் மாட்டுவார்கள். பெயிண்டைச் சுரண்டி, இரும்பு பளபளவென்று தெரியும் இடத்தில் மாட்ட வேண்டும். பெயிண்டின் மேல் மாட்டினால் மின்சாரம் ஓடாது.

அதோடு வேலை முடியவில்லை. என்ஜின் சேசிஸின் மேல் நேரடியாக உட்காரவில்லை. நடுவே ரப்பர் இருக்கிறது. ரப்பர் வழியாக மின்சாரம் போகுமா? போகாது. ஆகவே என்ஜினில் இருந்து சேசிஸுக்குத் தனியாக ஒரு தடித்த பட்டை வயர் வேண்டும். அது இல்லாவிட்டால் மின்சாரம் வேறு வழி தேடும். ஆக்சிலேட்டர் கேபிள் போன்ற மெல்லிய கம்பிகள் வழியாக ஓடி அவற்றைப் பொசுக்கிவிடும். "புது பாட்டரி, புது வயர், ஆனாலும் செல்ப் எடுக்கவில்லை" என்றால் முதலில் இந்தப் பட்டையைத்தான் பார்க்க வேண்டும்.

வேலை முடிந்ததும் ஒரு சோதனை. மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் பாசிட்டிவிலும், மறுமுனையைச் செல்ப் மோட்டாரின் பெரிய டெர்மினலிலும் வைக்க வேண்டும். ஒருவர் செல்ப் அடிக்கும்போது மீட்டரைப் பார்க்க வேண்டும். அரை வோல்ட்டுக்குக் குறைவாகக் காட்டினால் வேலை சுத்தம். கூடுதலாகக் காட்டினால் வயரிலோ இணைப்பிலோ கோளாறு இருக்கிறது.

எதை முதலில் கழற்றுவது?

நெகட்டிவை முதலில் கழற்ற வேண்டும். மாட்டும்போது நெகட்டிவைக் கடைசியில் மாட்ட வேண்டும். இதைக் கிளீனர் பையன் முதல் முதலாளி வரை மனப்பாடம் செய்ய வேண்டும்.

காரணம் எளியது. வண்டி முழுவதும் நெகட்டிவோடு சேர்ந்திருக்கிறது. நெகட்டிவ் மாட்டியிருக்கும்போது பாசிட்டிவைக் கழற்றினால், கையில் உள்ள ஸ்பானர் வண்டியின் இரும்பில் பட்டாலே ஷார்ட்! பெரும் பொறி பறக்கும். ஸ்பானர் பழுக்கும். அந்த இடத்தில் ஹைட்ரஜன் வாயு இருந்தால் பாட்டரி வெடித்து ஆசிட் முகத்தில் தெறிக்கும். கையில் மோதிரம், காப்பு, இரும்புப் பட்டை கைக்கடிகாரம் இருந்தால் கழற்றி வைத்துவிட வேண்டும்.

ஆசிட் கண்ணில் பட்டால் தேய்க்கக்கூடாது. சுத்தமான தண்ணீரைக் குறைந்தது 15 நிமிடம் கண்ணில் ஓடவிட வேண்டும். பிறகு உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

ரேடியோவால் வரும் வினை

24 வோல்ட் லாரிகளில் இன்னொரு பழக்கம் உண்டு. பாட்டுப் பெட்டிக்கும், செல்போன் சார்ஜருக்கும் 12 வோல்ட் போதும் என்று, இரண்டு பாட்டரிகளில் ஒன்றில் இருந்து மட்டும் வயர் எடுப்பார்கள். ஒரு பாட்டரி மட்டும் தினமும் இளைக்கும். ஆனால் சார்ஜ் ஏறும்போது இரண்டுக்கும் சேர்த்தே ஏறும். இளைத்தது நிரம்புவதற்குள் மற்றது அளவுக்கு மீறிக் கொதிக்கும். கடைசியில் இரண்டும் பாழ்.

அண்ணன் தம்பியில் ஒருவனுக்கு மட்டும் வேலையும், இருவருக்கும் ஒரே சாப்பாடும் போட்டால் குடும்பம் ஒத்துப்போகுமா? 24 வோல்ட்டை 12 வோல்ட்டாக மாற்றித் தரும் சிறிய கன்வெர்ட்டர் கடையில் கிடைக்கிறது. அதை வைத்துக்கொள்வதே சரி. பாட்டரி மாற்றும்போதும் இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். ஒன்று புதிது, ஒன்று பழையது கூடாது.

மாற்ற முடியாதவர்களுக்கு

புது வண்டி வைத்திருப்பவர்கள் அவசரப்படக்கூடாது. இஷ்டத்துக்கு வயரை மாற்றினால் கம்பெனியின் வாரண்டி போகலாம். சில புது வண்டிகளில் பாட்டரியின் நிலையை அளக்கும் கருவியும் வயரோடு இருக்கும். கம்பெனி சர்வீஸில் கேட்டுவிட்டே கை வைக்க வேண்டும்.

இடம் மாற்ற முடியாவிட்டால் வேறு வழிகள் உண்டு. பாட்டரிக்கும் என்ஜினுக்கும் நடுவே தகட்டுத் தடுப்பு வைக்கலாம். சூடு தாங்கும் உறை போடலாம். வண்டியை நிழலில் நிறுத்தலாம். கோடைக் காலத்தில் வாரம் ஒருமுறை தண்ணீர் பார்க்கலாம். டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்ற வேண்டும். குழாய்த் தண்ணீரும் கிணற்றுத் தண்ணீரும் ஆகாது. அவற்றில் உள்ள உப்பு தகட்டைக் கெடுக்கும். ஆசிட் ஊற்றவே கூடாது. ஆவியாவது தண்ணீர்தான். ஆசிட் உள்ளேயே இருக்கிறது.

டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால், சமையல் சோடாவை வெந்நீரில் கலந்து கழுவலாம். மூடிகள் இறுக்கமாக இருக்க வேண்டும். சோடாத் தண்ணீர் பாட்டரிக்குள் போகக்கூடாது. காய்ந்ததும் வாஸ்லின் தடவ வேண்டும்.

பழைய பாட்டரியை என்ன செய்வது?

இது தாய்மார்கள் கவனிக்க வேண்டிய விஷயம்.

செத்த பாட்டரியை உடைத்து, ஈயத்தை வாணலியில் உருக்கி விற்பவர்கள் சில இடங்களில் இருக்கிறார்கள். ஈயப் புகையும் ஈயத் தூசியும் கொடிய விஷம். குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது கெடுக்கும். படிப்பு ஏறாது. இரத்தம் குறையும். கொட்டிய ஆசிட்டோடு ஈயம் மண்ணில் இறங்கும். அந்த மண்ணில்தான் பிள்ளைகள் விளையாடுவார்கள்.

பாட்டரி வேலை செய்துவிட்டு வருபவர்கள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே சாப்பிட வேண்டும். வேலைத் துணியைக் குழந்தைகளின் துணியோடு சேர்த்துத் துவைக்கக்கூடாது. பழைய பாட்டரியை வீட்டு மூலையில் போட்டு வைக்கக்கூடாது.

2022-ம் ஆண்டில் மத்திய அரசு கொண்டுவந்த பாட்டரிக் கழிவு விதிகளின்படி, பழைய பாட்டரிகள் முறையாகத் திரும்பச் சேர்ந்து மறுசுழற்சிக்குப் போக வேண்டும். அது பாட்டரி செய்யும் கம்பெனிகளின் பொறுப்பு. புதியது வாங்கும்போது பழையதைக் கடையிலேயே கொடுத்துவிடலாம். விலையில் கழித்துக்கொள்வார்கள். அந்த ஈயம் சுத்தம் செய்யப்பட்டு, மறுபடி ஒரு புது பாட்டரியாக வரும்.

பாட்டரி கேட்பது மூன்றே மூன்றுதான். கொஞ்சம் காற்று. கொஞ்சம் தண்ணீர். ஆடாத ஓர் இடம். அவற்றைக் கொடுத்தால், விடியற்காலை 3 மணிக்குச் சாவியைத் திருப்பியதும் அது "உம்" என்று குரல் கொடுக்கும்!